‘படும்’ என்று முடியும் வாக்கியங்கள்: பெரம்பலூர், அரியலூர் திட்டப் பிரதிகளை முன்வைத்து

1

ஒரு நாவல் வந்தால் நம் ஆட்கள் நாற்பது பக்கம் எழுதுகிறார்கள். ஒரு கவிதைத் தொகுப்புக்கு மூன்று கூட்டம் நடக்கிறது. ஆனால் எந்த நிலத்தில் எது விளையும், யார் வீடு எங்கே இருக்கும், எந்த ஊர்ப் பையன் எந்த பஸ் ஏறி வேலைக்குப் போவான் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற பிரதிகள் இருக்கின்றனவே, அவற்றை நாம் யாரும் வாசிப்பதில்லை. முழுமைத் திட்டம், மண்டலத் திட்டம், தொலைநோக்கு ஆவணம் என்ற பெயர்களில் வருபவை அவை. பொறியாளர் பார்த்துக்கொள்வார், கலெக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம். இடதுசாரித் தோழர்கள்கூட அவற்றில் ஏக்கர் கணக்கையும் ரூபாய்க் கணக்கையும் மட்டும்தான் தேடுகிறார்கள். அந்தப் பிரதி எப்படிப் பேசுகிறது, யாரைப் பேசவிடாமல் செய்கிறது என்று பார்ப்பதில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த இலக்கணம்தான் வேலை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து அதைச் செய்து பார்க்கிறேன்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவு வளர்ச்சித் திட்டம் என்று படிப்படியாகத் திட்டமிட அது வழிசெய்தது. மண்டலத் திட்டம் என்ற மேல்படி நெடுங்காலம் ஏட்டளவில்தான் கிடந்தது. அண்மை ஆண்டுகளில்தான் மாநிலத்தைப் பன்னிரண்டு மண்டலங்களாகப் பிரித்து, வளர்ச்சி, வீட்டுவசதி, வேலைவாய்ப்பு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கொண்டுவரும் நீண்டகாலத் திட்டங்கள் தயாரிக்க அரசு இறங்கியிருக்கிறது.

எந்த எல்லைக்குள் நின்று திட்டமிடுவது என்ற கேள்வியிலேயே இந்தப் பகுதிக்கு ஒரு தனிக்கதை உண்டு. 1995இல் திருச்சி மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001 ஜனவரி 1இல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச்சில் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23இல் மறுபடி பிரித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை எல்லை மாறியது. ஆட்சி மாறினால் மாவட்டம் மறையும், ஆட்சி மாறினால் மாவட்டம் முளைக்கும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘இருபதாண்டுத் திட்டம்’ என்று ஒருவர் பேசினால், ஜெயங்கொண்டத்துக் கிழவர் சிரிக்கத்தான் செய்வார். எந்தத் தரவை வைத்துத் திட்டமிடுவது? 2011 கணக்கெடுப்பில் அரியலூரில் 7,54,894 பேர், பெரம்பலூரில் 5,65,223 பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் எத்தனை பேர், திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமலேயே வருங்காலத்துக்கு வீட்டுக் கணக்கு போடுகிறார்கள்.

2

இனி பிரதிக்கு வருவோம். திட்ட மொழி எப்படி இருக்கும் என்று நானே நான்கு வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன். இந்த வகை ஏடு எதைப் புரட்டினாலும் இவற்றின் சகோதரர்களைப் பார்க்கலாம்.

‘தொழில் வளர்ச்சிக்கு உகந்த நிலங்கள் கண்டறியப்படும்.’
‘வேலைவாய்ப்புகள் உருவாக்கப்படும்.’
‘குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு வீடுகள் கட்டித் தரப்படும்.’
‘சுற்றுச்சூழல் பாதுகாக்கப்படும்.’

நான்கும் செயப்பாட்டு வினை. நான்கும் எதிர்காலம். நான்கிலும் செய்கிற ஆள் இல்லை. நிலத்தைக் கண்டறிவது யார்? யாரிடமிருந்து? வேலையை உருவாக்குவது அரசா, கம்பெனியா, லேபர் காண்ட்ராக்டரா? சுற்றுச்சூழலை யாரிடமிருந்து யார் பாதுகாப்பது? வாக்கியம் இதையெல்லாம் சொல்லவேண்டிய அவசியமில்லாதபடி கட்டப்பட்டிருக்கிறது. ‘நாங்கள் உன் நிலத்தை எடுப்போம்’ என்றால் ‘எவன்டா நீ’ என்று கேட்கலாம். ‘நிலம் கையகப்படுத்தப்படும்’ என்பதை எதிர்த்து யாரைக் கேட்பது? மழை பெய்யும் என்பது போல அது சொல்லப்படுகிறது. எழுவாய் ஒளிந்துகொள்ளும்போது பொறுப்பும் கூடவே ஒளிந்துகொள்கிறது.

தமிழில் செயப்பாட்டு வினையை ஆக்கும் துணைவினை ‘படு’. அதே ‘படு’ தனியே நின்றால் அனுபவி, துன்பமடை என்று பொருள். அடிபடு, அவதிப்படு, பாடுபடு. திட்டத்தின் வாக்கியத்தில் துணைவினையாக வருவது கிராமத்தில் முதல்வினையாக நடக்கிறது. சென்னையில் எழுதுகிறவருக்கு அது வெறும் விகுதி. தா.பழூரில் வாழ்கிறவருக்கு அது வாழ்க்கை. சொல் விளையாட்டுக்காக இதைச் சொல்லவில்லை. பின்வரும் இரண்டு கதைகளைப் பார்த்தால் தெரியும்.

3

முதல் கதை ஜெயங்கொண்டம். 1990களின் பிற்பாதியில் அந்த மண்ணுக்கு அடியில் இருக்கும் பழுப்பு நிலக்கரியை எடுத்து மின்சாரம் தயாரிக்கப்போவதாக டிட்கோ மூலம் நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். எட்டாயிரம் ஏக்கருக்கும் மேல். இடையில் என்.எல்.சி. பெயரும் அடிபட்டது. சுரங்கம் வரவில்லை. மின்நிலையம் வரவில்லை. இழப்பீடு போதாதென்று போட்ட வழக்குகள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. கடைசியில் 2022இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, நிலங்களை உரியவர்களிடமே திருப்பித் தருவதென்று முடிவுசெய்தது.

நல்ல முடிவு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இடையில் போன கால் நூற்றாண்டு எந்தக் கணக்கில் வரும்? நிலம் பெயரளவில் அரசுடையது, கையளவில் விவசாயியுடையது. உழுதுகொண்டே இருக்கலாம், ஆனால் அதை வைத்துக் கடன் வாங்க முடியாது, பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அரை ஏக்கரை விற்கவும் முடியாது. நாளைக்குப் போய்விடும் நிலத்தில் எவன் போர் போடுவான், எவன் மரம் வைப்பான்? 1997இல் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, வேலை தேடி வெளியூர் போகும்வரை அந்தக் குடும்பம் காத்திருந்தது. ஒரு கிலோ நிலக்கரிகூட வெளியே வரவில்லை. ஆகவே அந்தத் திட்டம் எதையும் உற்பத்தி செய்யவில்லை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது காத்திருப்பை உற்பத்தி செய்தது.

இரண்டாவது கதை பெரம்பலூர். ஏறத்தாழ 2007இல் எறையூர், திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பேச்சு வந்தது. ஜி.வி.கே. நிறுவனமும் டிட்கோவும் கூட்டு. சுமார் மூவாயிரம் ஏக்கர் வாங்கினார்கள். மானாவாரி நிலம்தானே, மக்காச்சோளமும் பருத்தியும்தானே, என்ன பெரிய நஷ்டம் என்று அப்போது நம் நகரத்து நண்பர்களே சொன்னார்கள். மாநிலத்திலேயே மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர் என்பது அவர்களுக்குத் தெரியாது. நிலம் போனது, ஆலைகள் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. கொடுத்தவர்கள் ‘நிலத்தைத் திருப்பிக் கொடு’ என்று போராடினார்கள்.

ஜேம்ஸ் ஃபெர்குஸன் லெசோதோ நாட்டின் தாபா-செக்கா வளர்ச்சித் திட்டத்தை ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் எழுதினார். வளர்ச்சித் திட்டம் தோற்றுப்போவது முக்கியமில்லை, தோற்கும்போதே அது வேறொன்றைச் செய்துவிடுகிறது என்பது அவர் வாதம். அரசின் பிடி ஊருக்குள் நீளுகிறது, அரசியல் கேள்வி தொழில்நுட்பக் கேள்வியாக மாறிவிடுகிறது. ஜெயங்கொண்டத்தையும் எறையூரையும் இந்தக் கண்கொண்டு பார்க்கலாம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே அதிகாரம் செயல்பட்ட வழி காலம். நிலத்தைப் பிடித்தது ஒரு நாள் வேலை. ஆளின் காலத்தைப் பிடித்ததுதான் இருபத்தைந்து ஆண்டு நடந்தது. ‘நீண்டகாலத் திட்டம்’ என்ற தொடரில் ‘நீண்டகாலம்’ யாருடையது என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

4

காலத்துக்கு அடுத்தது வரைபடம். நிலப்பயன் வரைபடத்தில் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழில் ஊதா, வேளாண்மை பச்சை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். வண்ணம் தீட்டுகிற கைக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு அரியலூரே சாட்சி.

2020 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோது அரியலூர் பெயரும் சொல்லப்பட்டது. அதே மாதம் சட்டம் வந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இருந்தன. அரியலூர் இல்லை. கொள்ளிடக் கரையில் நெல் விளையும் திருமானூரும் தா.பழூரும் கோட்டுக்கு வெளியே நின்றன. ஆற்றின் தென்கரை டெல்டா, வடகரை டெல்டா இல்லை! அடுத்த ஆண்டு, 2021 ஜூனில், அரியலூர் மாவட்டத்தில் பத்து, கடலூர் மாவட்டத்தில் ஐந்து என ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. அனுமதி கேட்டது. எதிர்ப்பு எழுந்தது, மாநில அரசு இடம்கொடுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். கோடு எங்கே முடிந்ததோ அதற்கு வெளியே விழுந்தது. திட்டத்தில் வரையும் கோடு வெறும் விவரணை இல்லை, செயல். அது ஒரு நிலத்தைக் காக்கும்போதே பக்கத்து நிலத்தைக் கைகாட்டிவிடுகிறது.

இனி வரைபடத்தில் இல்லாத நிறத்தைப் பேசுவோம். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்ததுதான் இந்த மண்ணின் முதல் நிலப்பயன் திட்டம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், செத்த மாட்டை எங்கே இழுத்துப்போவது என்றெல்லாம் கணக்குப் பார்த்துப் போட்ட திட்டம் அது. எந்த இயக்ககமும் ஒப்புதல் தராமலே இன்றுவரை அமலில் இருக்கிறது. புதிய வரைபடத்தில் இரண்டும் ஒரே மஞ்சள். ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் எழுதியது போல அரசு தனக்குப் படிக்க வசதியாக உலகத்தை எளிமைப்படுத்துகிறது என்பது சரி. நம் ஊரில் அந்த எளிமைப்படுத்தல் சாதியைத்தான் முதலில் அழிக்கிறது. தாளிலிருந்து மட்டும். அதன் விளைவு என்ன? புதுச் சாலையும் குடியிருப்பு விரிவாக்கமும் ‘மஞ்சள்’ பகுதியை ஒட்டி வரும்போது, மனை விலை ஊர்ப்பக்கம் ஏறுகிறது. சேரிப்பக்கம் பள்ளத்திலேயே தொகுப்பு வீடு வருகிறது.

‘புறம்போக்கு’, ‘தரிசு’ என்ற சொற்களும் அப்படித்தான். தொழிற்பேட்டைக்கு எளிதில் கிடைக்கும் இடம் என்று ஏடு குறிப்பது ஆடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், சில ஊர்களில் தலித்துகளுக்குச் சுடுகாட்டுக்குப் போகும் ஒரே வழி. ஏட்டில் அது ‘பயன்படுத்தப்படாத நிலம்’. பயன்படுத்துகிறவர்கள் ஏட்டில் இல்லாததால் அப்படி.

5

சுற்றுச்சூழல் அத்தியாயத்துக்கு வருவோம். அரியலூர் வட்டாரம் கிரீத்தேசியக் காலத்தில் கடல். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்து சொன்னார். அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுதான் இன்றைய சுண்ணாம்புக்கல். அந்தக் கல்தான் சிமெண்ட். அரசின் டான்செம் ஆலை 1979இல் அரியலூரில் வந்தது. பிறகு தளவாய், ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன.

சென்னையின் அடுக்குமாடிகள் எழுந்ததில் இந்த மண்ணின் கல்லுக்கும் பங்கு உண்டு. ஆனால் ‘முன்னேறிய’ என்ற அடைமொழி சென்னைக்கு, ‘பின்தங்கிய’ என்ற அடைமொழி அரியலூருக்கு. 2011 கணக்குப்படி அரியலூரில் நகர்ப்புறத்தில் வாழ்பவர்கள் நூற்றுக்குச் சுமார் பதினொன்று பேர். இதை வைத்துக்கொண்டு ‘நகரமயமாதல் குறைவு, ஆகவே வளர்ச்சி தேவை’ என்று ஏடு வாதிடும். நகரங்கள் எழுவதற்காகத் தோண்டப்பட்ட குழிகள் இங்கே இருக்கின்றன என்பதை அந்த விகிதம் சொல்லாது. பின்தங்குதல் இந்த நிலத்தின் இயற்கைக் குணம் இல்லை. இன்னொரு இடத்தின் முன்னேற்றத்தோடு ஒட்டிப் பிறந்த இரட்டை அது.

இங்கேயும் காலம்தான் பிரச்சினை. கல் உருவாகக் கோடி ஆண்டுகள். 2015இல் திருத்திய கனிமச் சட்டப்படி சுரங்கக் குத்தகை 50 ஆண்டு. திட்டத்தின் ஆயுள் 20 ஆண்டு. லாரி டிரைவருக்கு ட்ரிப் கணக்கு. கூலிக்காரருக்கு அன்றைய நாள். கல் எடுத்து முடிந்த பிறகு குழி எவ்வளவு காலம் இருக்கும்? அதற்கு எந்தப் பத்தியிலும் எண் இல்லை. அதே 2015 திருத்தம்தான் மாவட்டக் கனிம அறக்கட்டளையைக் கொண்டுவந்து, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கே பணம் செலவாக வேண்டும் என்றது. நல்லது. ஆனால் ‘பாதிக்கப்பட்ட’ என்பதும் செயப்பாட்டுதான். பாதித்தது யார் என்று அங்கேயும் எழுவாய் இல்லை.

கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்காக எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த ஏரி புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து நிறைகிற பாசன ஏரி. வாய்க்காலைப் பராமரிக்கும் விவசாயி இல்லாமல் பறவை இல்லை. திட்டப் பிரதியில் பறவை ‘சுற்றுச்சூழல்’ அத்தியாயத்தில், விவசாயி ‘வேளாண்மை’ அத்தியாயத்தில், வாய்க்கால் ‘உள்கட்டமைப்பு’ அத்தியாயத்தில். மூன்றும் சந்திப்பதே இல்லை.

மக்கள் குரலைப் பதிவுசெய்ய வழி இருக்கிறதே என்பார்கள். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. நான் போயிருந்த அப்படியொரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, ‘வெடி வச்சா எங்க வூட்டுச் செவுரு வெடிக்குது, நீங்க வந்து படுத்துப் பாருங்க’ என்றார். அதைக் குறித்துக்கொண்டவர் எழுதியது: அதிர்வு குறித்து ஐயம் எழுப்பப்பட்டது. அம்மாவின் கோபம் ‘ஐயம்’ ஆனது. ‘நீங்க’ காணாமல்போனது. மறுபடியும் ‘பட்டது’. ஒரு வாக்கியத்துக்குள் ஒரு மனுஷியை எப்படிக் காணாமலடிப்பது என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

6

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியானால் திட்டமே வேண்டாம், கிராமத்தை அப்படியே விடுங்கள்’ என்று கிளம்பும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பச்சை வேட்டி கட்டிக்கொண்டு ‘தற்சார்புக் கிராமம்’ பேசுகிறவர்கள், அந்தக் கிராமத்தில் யார் யாருக்கு எந்தத் தெருவில் செருப்புப் போட முடியாது என்பதையும் பேச வேண்டும். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. 2022 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் எறையூரில் சிப்காட் பூங்காவைத் திறந்து, காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார். 2023 நவம்பரில் அங்கே காலணி ஆலை ஓடத் தொடங்கியது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு அடிக்கல், 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. இவை பெரும்பாலும் பெண்களுக்கான வேலைகள். ஆண்டையின் வயலில் களை எடுத்த தாயின் மகள் கம்பெனி பஸ் ஏறி, மாதம் பிறந்தால் தன் கணக்கில் சம்பளம் வாங்குவதை ‘முதலாளித்துவச் சுரண்டல்’ என்று ஒரு வரியில் மூடிவிட முடியாது. சுரண்டல் இருக்கிறது. ஆனால் ஆண்டைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் இருக்கிறது. வயலுக்கும் ஆலைக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தப் பெண்ணுக்கு விடாமல், நாம் இங்கே உட்கார்ந்து அவளுக்காக வயலைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வகை திட்டமிடல்தான்.

சட்டத்திலும் இதே சிக்கல். 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், எடுத்த நிலத்தை ஐந்தாண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் உடையவருக்கோ நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்கிறது. காத்திருப்புக்கு முதன்முறையாக ஒரு வரம்பு வந்தது. தமிழ்நாடு என்ன செய்தது? மூன்று மாநிலச் சட்டங்களை அதன் பிடியிலிருந்து விலக்கியது. தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியதைக் கவனிக்க வேண்டும். தலித் குடும்பத்துக்கு மூன்று சென்ட் மனை எடுப்பதற்கான சட்டமும் கம்பெனிக்கு ஆயிரம் ஏக்கர் எடுப்பதற்கான சட்டமும் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றை எதிர்த்தால் மற்றதையும் எதிர்த்ததாக ஆகிவிடும். விவசாயச் சங்கங்கள் ‘நிலமெடுப்பை எதிர்க்கிறோம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது, மனைப்பட்டாவுக்காக நிலம் எடுத்ததை எதிர்த்து வழக்குப் போட்ட நிலவுடைமையாளரும் அதே பந்தலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நம் கோரிக்கை இந்தக் கயிற்றை அவிழ்ப்பதாக இருக்க வேண்டும். வீட்டுமனைக்கு எடுப்பது விரைவாக நடக்கட்டும். தொழிலுக்கு எடுப்பதற்கு ஐந்தாண்டு வரம்பு கண்டிப்பாக இருக்கட்டும்.

7

நம் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவைக் கட்டாயமாக்கியது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் இருக்க வேண்டும். ஆனால் 2019 டிசம்பரில் இந்த மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராமத்தின் பெயரால் பேச வேண்டிய எழுவாயே காலியானது. பிரதியின் இலக்கணமும் ஆட்சியின் இலக்கணமும் இப்படி ஒன்றாகப் பொருந்தியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மண்டலத் திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டால், ஆட்சேபம் சொல்லச் சட்டம் குறைந்தது இரண்டு மாதம் தருகிறது. அந்த இரண்டு மாதத்தில் கட்சிக்காரர்கள் ஏக்கரைப் பார்ப்பார்கள், ரியல் எஸ்டேட்காரர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். எழுதுகிறவர்களும் இயக்கத்தோழர்களும் வாக்கியங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ‘படும்’ பக்கத்திலும் மூன்று கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். யார் செய்வார்? எத்தனை ஆண்டுக்குள்? செய்யாவிட்டால் நிலம் யாரிடம் திரும்பும்? ஊரும் சேரியும் தனித்தனியாகக் குறித்த ஒரு வரைபடத்தை நாமே ஒவ்வொரு ஊராட்சிக்கும் போட்டு, அதோடு இணைக்க வேண்டும். மேய்ச்சல் நிலம், சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால் தலைப்பு, கைவிட்ட சுரங்கக் குழி எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்குப் பொறியாளர் தேவையில்லை. ஊருக்கு நான்கு பேர் இருந்தால் போதும்.

பெரம்பலூர், அரியலூர் நண்பர்கள் சிலர் இதைத் தொடங்கலாம் என்கிறார்கள். திருமானூர், தா.பழூர், எறையூர்ப் பக்கம் ஆள் வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்துக்காரர்கள் இருந்தால், வரைவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். காத்திருந்து என்ன கண்டோம் என்பதற்கு ஜெயங்கொண்டம் இருக்கிறது.